கரையில்லாத பக்கம்

(அம்பத்தூரில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தொண்டை மண்டலத்து ஏரிக்குக் கரை ஒரு புறத்தில்தான் உண்டு. மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிக் கண்ணுக்குப் புலப்படாதபடி மெல்லச் சரிந்து போகிற இந்தச் சமவெளியில், சரிவின் தாழ்ந்த பக்கத்தில் பிறை வடிவாக மண்ணைக் குவித்து உயர்த்தி, அதில் மதகும் கலங்கலும் அமைத்து, மேட்டுப் பக்கத்தைத் திறந்தபடியே விட்டுவிடுவதுதான் நம் முன்னோர் கண்ட ஏரி நிர்மாண முறை. திறந்த அந்தப் பக்கத்தில் நீர் எங்கே முடிகிறது, நிலம் எங்கே தொடங்குகிறது என்று ஒரே கோடாகக் கிழித்துச் சொல்ல யாராலும் இயலாது. கார்த்திகையில் ஒரு கோடு, மாசியில் இன்னொரு கோடு, வற்றிய ஆண்டின் வைகாசியில் கோடே இல்லை. உள்வாய் என்று வழங்கும் அந்தச் சரிவான நிலத்தை, ஈரமும் வறட்சியும் மாறி மாறி ஆட்சி செய்யும் அந்தக் கரையில்லாத பக்கத்தைப் பற்றித்தான் இன்று விஸ்தாரமாகப் பேச விரும்புகிறேன். இயற்கைப் பிரதேசங்களையும் ஜீவராசிகளின் வாசஸ்தலங்களையும் வரைபடத்தில் ஏற்றிப் பாதுகாப்பது என்பது தாங்கள் எனக்குக் கொடுத்த பொருள். முதுமலையையும் களக்காட்டையும் காட்டி அதை விளக்குவது எளிது. ஆனால் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் குடியிருக்கிற நமக்கு, மாடியில் ஏறி நின்றால் தெரிகிற ஏரியே இப்பொருளின் முதற்பாடம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

நம் பிரதேசத்தின் அமைப்பை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்வோம். நமக்கு மேற்கே கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றிலிருந்து பிரிகிற கூவம், பருத்திப்பட்டையும் திருவேற்காட்டையும் கடந்து, மதுரவாயல் வழியாக நகருக்குள் புகுகிறது. வடக்கே 3300 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள புழல் ஏரி. தெற்கே பூந்தமல்லிக்கு அப்பால் 3645 மில்லியன் கன அடி கொள்ளும் செம்பரம்பாக்கம். இவ்விரண்டு பெரும் நீர்நிலைகளுக்கும் நடுவில் பருத்திப்பட்டு, அயப்பாக்கம், அம்பத்தூர், கொரட்டூர், போரூர் என்று ஏரிகள்; அவற்றினிடையே பெயர் மறந்துபோன எத்தனையோ தாங்கல்களும் குட்டைகளும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர் மழை பெய்யும் இந்தப் பூமியில் அதன் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகை மாதங்களில் சில நாட்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறபடியால், அந்தச் சில நாள் ஜலத்தை ஆண்டு முழுவதற்கும் நிறுத்திவைத்துக்கொள்ள ஏரிக்கு மேல் ஏரியாகக் கட்டினார்கள். மேல் ஏரியின் கலங்கலில் வழிந்தது கீழ் ஏரிக்கு வரத்து. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் அதன் மிகுதி நீர் கொரட்டூர் ஏரிக்குப் போகும். ஆகவே எந்த ஏரியும் தனித்த வஸ்து அன்று. அதனதன் வரத்துக் கால்வாயும் போக்குக் கால்வாயும் சேர்ந்தே அது ஏரி.

இந்த அமைப்பை மனிதன் தன் வயலுக்காகச் செய்தான் என்பது மெய். ஆனால் செய்து முடித்து நூற்றாண்டுகள் பல கடந்த பின், அதில் குடியேறிய ஜீவராசிகளின் கூட்டத்தைப் பார்த்தால், இது இயற்கையா செயற்கையா என்ற விவாதம் அர்த்தமற்றதாகிவிடுகிறது. கூழைக்கடாவுக்கு நீந்தி மீனை அள்ளத் தக்க ஆழம் வேண்டும். முக்குளிப்பானும் நீர்க்காகமும் மூழ்கி இரை தேடுபவை. அவற்றுக்கும் ஆழம் வேண்டும். மஞ்சள் மூக்கு நாரையோ முழங்காலளவு நீரில் நின்று, அலகைச் சிறிது திறந்தவாறு கலங்கிய நீருக்குள் செலுத்தி, கண்ணால் காணாமலே, அலகில் பட்ட மாத்திரத்தில் மீனைக் கவ்விவிடுகிறது. அதற்கு அந்த முழங்காலளவைவிட ஒரு சாண் கூடினாலும் இரை கிட்டாது. இமயத்துக்கு அப்பாலிருந்து குளிர்காலத்தில் வந்திறங்கும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் தலையைக் கவிழ்த்தால் எட்டுகிற ஆழத்தில்தான் மேயும். உள்ளான் வகைகளுக்கு விரற்கடை நீரும் ஈரச் சேறும் போதும். நீளவால் இலைக்கோழி மிதக்கும் இலைகளின்மேல் நடந்து திரிந்து அந்த இலைகளின்மீதே முட்டையிட, அடைகாக்கும் பொறுப்பை ஆண் பறவை ஏற்றுக்கொள்கிறது. நீலத் தாழைக்கோழி சம்பும் கோரையும் அடர்ந்த ஓரத்தை விட்டு வெளியே வரக் கூசும். கோடையில் நீர் வற்றி வெடித்த தரையிலே, கூடு என்று எதுவும் கட்டாமல், மண்ணின் நிறத்திலேயே முட்டையிட்டுக் காவல் காக்கிறது ஆள்காட்டி.

இத்தனை பட்சிகளுக்கும் தேவையான இத்தனை விதமான ஆழங்களும் எங்கே இருக்கின்றன? கரையை ஒட்டிய பக்கத்திலா? அங்கே ஆழம் மட்டுமே உண்டு. அத்தனையும் எதிர்ப்புறத்திலே, உள்வாயின் சரிவிலே இருக்கின்றன. அந்தச் சரிவு மிக மெல்லியதாகையால், நீர்மட்டம் ஓர் அடி குறைந்தால் நூற்றுக்கணக்கான அடி அகலத்துக்குப் புதுச் சேறு வெளிப்படுகிறது; அடுத்த பத்து நாளில் இன்னொரு பட்டை; அதற்கடுத்து மற்றொன்று. நீர் பின்வாங்கப் பின்வாங்க மீன்கள் குறுகிய பள்ளங்களில் நெருக்குண்டு கூடுகின்றன. நாரைகளும் கொக்குகளும் அந்த நெருக்கத்தை எதிர்பார்த்துப் பறந்து வருகின்றன. மழை தொடங்கியதும் கதை தலைகீழாகிறது. புதுவெள்ளத்தில் எதிரேறி வரும் விராலும் கெண்டையும் கெளுத்தியும் முட்டையிடத் தேடுவது இளஞ்சூடான, புல் மூழ்கிய, ஆழமற்ற இதே உள்வாயைத்தான். தவளைகள் கூட்டமாகக் கூவுவதும் அங்கேதான். ஏரியின் பிராணன் அதன் விளிம்பில் இருக்கிறது என்று நான் சொன்னால் அது அலங்காரப் பேச்சன்று. ஜீவசாஸ்திரம் கற்றவர் எவரும் ஒப்புக்கொள்ளும் உண்மை.

இனி, இந்த விளிம்பு வரைபடங்களில் எவ்வாறு இடம் பெற்றது, அல்லது பெறாமல் போயிற்று என்பதைப் பார்ப்போம்.

பூமியளவை என்னும் கலைக்கு நம் ஊர்ப்பக்கம் ஒரு தாய்வீடு. வில்லியம் லாம்டன் 1802இல் பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவைதான் பின்னர் இந்தியா முழுவதும் பரவி இமயம் வரை சென்றது. ஆனால் அதற்கும் முந்திய ஓர் அளவை இருக்கிறது. நம் பொருளுக்கு அதுவே முக்கியம். ஆற்காட்டு நவாபிடமிருந்து 1763இல் ஆங்கிலக் கம்பெனி ஜாகீராகப் பெற்ற செங்கல்பட்டுச் சீமையை, தாமஸ் பர்னார்ட் என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக அளந்தார். பூந்தமல்லியும் அதன் சுற்றுப்புறமும் அந்தச் சீமையைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 2000 ஊர்களுக்கு, நன்செய் எவ்வளவு, புன்செய் எவ்வளவு, ஏரியும் குளமும் எவ்வளவு, தோப்பு எவ்வளவு, காடு எவ்வளவு, வீட்டு மனை எவ்வளவு என்று தனித்தனியே கணக்கெடுத்தார்கள். ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலைச் சுவடிகளில் எழுதிக் கொடுத்தவையே அந்தக் கணக்குகளுக்கு ஆதாரம். அச்சுவடிகளில் ஒரு பகுதி இன்றும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. காந்தியச் சிந்தனையாளரும் ஆராய்ச்சியாளருமான தரம்பால் இவற்றின் அருமையை எடுத்துக் காட்டிய பிறகே நாம் விழித்துக்கொண்டோம். அளந்தவரின் நோக்கம் வரிதான் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வரி தராத காட்டையும் ஏரியையும்கூட விடாமல், ஊரின் எல்லைக்குள் அடங்கிய பூமி முழுவதையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்த அந்தக் கிராம எழுத்தரின் முறைமையை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன்.

அதன்பின் வந்த ரயத்துவாரி அளவையில் நிலம் சர்வே எண்களாகத் துண்டுபட்டது. வரி தருவதெல்லாம் பட்டா, தராததெல்லாம் புறம்போக்கு. ஏரிப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, தோப்புப் புறம்போக்கு என்று உட்பிரிவுகளைக் கிரமமாகவே எழுதினார்கள். பதினாறு அங்குலம் ஒரு மைலுக்குச் சமம் என்ற அளவில் வரைந்த கிராம வரைபடங்கள் நுட்பமானவை. ஐந்து மீட்டர் அகலமுள்ள வாய்க்கால்கூட அவற்றில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட கோடாகத் தெரியும். ஆகவே நம்மிடம் வரைபடம் இல்லாமற் போகவில்லை. ஆனால் அந்தப் படம் ஏரியை ஓர் அசையாத உருவமாக, முழுக் கொள்ளளவில் நீர் நிற்கும் ஒரு நாளில் நின்று பார்த்தது. ஆண்டில் எஞ்சிய நாட்களில் அந்த எல்லைக்குள் நடக்கிற ஏற்ற இறக்கத்தைக் காட்ட அதற்கு வழியில்லை. அதன் விளைவு என்ன? பத்து மாதம் உலர்ந்து கிடக்கிற உள்வாய், பார்ப்பவன் கண்ணுக்குப் பயனற்ற காலி மனையாகத் தோன்றிற்று. முதலில் ஒரு குடிசை, பின்பு ஒரு தெரு, அதற்கு மின்விளக்கு, பள்ளிக்கூடம், கடைசியில் பட்டா வேண்டி ஒரு மனு. கரைப் பக்கத்தை யாரும் தொடவில்லை. அங்கே மண்மேடு கண்முன் நின்று தடுத்தது. கரையில்லாத பக்கமே முதலில் போயிற்று.

சர்க்காரும் இதில் பின்வாங்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்து 1920களில் தியாகராய நகரை எழுப்பிய முன்மாதிரி நம் நகரத்துக்கு இருந்தது. வீட்டுவசதிக்காக ஏரியையே எடுத்துக்கொண்ட சரித்திரம் முகப்பேர் ஏரித் திட்டம் என்ற முகவரியில் இன்றும் எழுதப்பட்டு வருகிறது. அந்த வீடுகளில் வாழ்கிற நடுத்தரக் குடும்பங்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கும் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டியிருந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1960களில் எழுந்தது. 1965இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் தோன்றியது. பல்லாயிரம் குடும்பங்களுக்கு அவை சோறு போட்டன. ஆனால் வயல்கள் மனைகளாகி, ஏரிநீர் பாய்ந்த ஆயக்கட்டு மறைந்ததும், ஏரியைக் கவனித்துக்கொள்ள வேண்டிய நீர்க்கட்டியும் மறைந்தான்; ஊரார் கூடி ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்தும் நின்றது; மதகைத் திறக்கக் கேட்பவர் இல்லை, கால்வாயில் அடைப்பென்று முறையிடுபவர் இல்லை. ஏறக்குறைய 600 ஏக்கர் விரிவுள்ள கொரட்டூர் ஏரிக்கு, மழைநீர் வரவேண்டிய கால்வாய்களிலேயே கழிவுநீர் வந்து சேர்ந்தது. கொரட்டூர் ஏரிப் பாதுகாப்பு மக்கள் இயக்கத்தார் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை அணுகி வாதாட வேண்டியிருந்தது. வேறு வேலைகள் இருந்தும் ஒரு நீர்நிலைக்காகத் தங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை ஈந்த அந்த அன்பர்களுக்கு இந்தச் சபையின் சார்பில் நமஸ்காரம் சொல்லிக்கொள்கிறேன்.

நம் காலத்தில் வான்வெளியிலிருந்தே படம் எடுக்கிறார்களே, இனி என்ன குறை என்று சிலர் கேட்கலாம். ஆமதாபாத்தில் உள்ள இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தார் தயாரித்து 2011இல் நிறைவு செய்த தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பு பெரிய சாதனைதான். இரண்டேகால் ஹெக்டேருக்கு மேற்பட்ட ஈரநிலங்களாக அதில் எண்ணப்பட்ட 2,01,503 நீர்நிலைகளுக்கும் பாதுகாப்பளிக்கும்படி உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் ஆணையிட்டதும் நன்றியோடு நினைக்கத்தக்கது. ஆயினும் அத்தொகுப்பு 1:50,000 என்ற அளவில் அமைந்தது. அந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது பூமியில் ஐம்பது மீட்டர். அம்பத்தூரையும் கொரட்டூரையும் இணைக்கும் கால்வாயை அதில் தேடினால் எங்கே கிடைக்கும்? இன்னொரு சங்கடமும் உண்டு. அகச்சிவப்புக் கதிரை நீர் விழுங்கிவிடுவதால் செயற்கைக்கோள் படத்தில் நீர்ப்பரப்பு கருமையாகத் தெரியும். தாவரம் அக்கதிரைத் திருப்பி அனுப்புவதால் பளிச்சென்று தெரியும். ஆகாயத்தாமரை மூடிய ஏரி வானத்திலிருந்து பார்க்கும்போது நீர்நிலையாகத் தோன்றாமல் பசுந்தரையாகவே தோன்றக்கூடும். எந்த ஏரிக்குச் சிகிச்சை மிகவும் அவசரமோ, அந்த ஏரியே படத்தில் மறையும் அபாயம் இதில் இருக்கிறது. தரையில் நடந்து சென்று சரிபார்க்கும் மனிதக் கண் இல்லாமல் அந்தப் படம் பூரணமாகாது.

சட்டத்தின் நிலை இதைவிட வருந்தத்தக்கது. 2017ஆம் ஆண்டில் மத்திய அரசு பிறப்பித்த ஈரநில விதிகள், நெல்வயல்களையும், குடிநீருக்கென்று மனிதர் அமைத்த நீர்நிலைகளையும், பாசனத்துக்கென்று அமைத்த கட்டுமானங்களையும் ஈரநிலம் என்ற வரையறைக்கு வெளியே நிறுத்திவிட்டன. நம் ஏரிகள் அனைத்தும் பாசனத்துக்கோ குடிநீருக்கோ அமைந்தவை. வயலே இல்லாமற் போன பிறகும், பாசன ஏரி என்ற பழைய பெயராலேயே, அவை பட்சிகளின் இருப்பிடம் என்ற புதிய உரிமையை இழந்து நிற்கின்றன. இந்த விலக்கைத் தொண்டை மண்டலத்தின் பூமியமைப்பை அறிந்த ஒருவர் எழுதியிருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் 2007இல் இயற்றிய ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம், ஏரியின் எல்லையை அளந்து வரைபடமும் பதிவேடும் தயாரிக்கச் சொல்கிறது. அது பெரிய ஆறுதல். ஆனால் அச்சட்டம் கேட்பது எல்லைக் கோட்டை. எல்லைக்குள் வாழ்வது எது என்று கேட்பதில்லை.

இவ்விடத்தில் ஒரு பழைய நியாயத்தை நினைவூட்ட வேண்டும். இதே செங்கல்பட்டு ஜாகீரில் 1790களில் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ், ஏரிகளைச் செப்பனிடுவதில் பெருஞ்சிரத்தை காட்டியவர். வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டும் பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டபோது ஊரார் அவரிடம் முறையிட்டு, பறவைகளை எவரும் துன்புறுத்தலாகாது என்ற கௌல் பத்திரத்தைப் பெற்றார்கள் என்பது அவ்வூரின் சரித்திரம். 1798ஐ ஒட்டி நடந்த காரியம் இது. பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை அந்த உழவர்கள் பிரத்தியட்சமாகக் கண்டிருந்தார்கள். ஆகவே பாசன ஏரி வேறு, பறவைகளின் ஏரி வேறு என்ற பாகுபாடு அவர்கள் புத்தியில் தோன்றவே இல்லை. வேடந்தாங்கல் இன்று உலகறிந்த சரணாலயம். 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் ஏறியது. அதுவும் ஒரு பாசன ஏரிதான் என்பதை நம் விதிகளை எழுதுவோர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

புனரமைப்பு என்ற பெயரால் நடப்பவற்றைப் பற்றியும் சில வார்த்தைகள். ஆவடியில் பருத்திப்பட்டு ஏரியைச் சீர்திருத்தி, சுற்றிலும் நடைபாதை அமைத்து, 2019இல் பசுமைப் பூங்காவாக மக்களுக்குத் திறந்தார்கள். காலையில் அங்கே நடக்கிற முதியவர்களையும், கூழைக்கடாவைக் குழந்தைக்குக் காட்டுகிற தாய்மார்களையும் கண்டு என் மனம் நிறைந்ததுண்டு. ஏரியைக் கண்ணால் காணாத ஜனங்கள் ஏரியைக் காக்க முன்வரமாட்டார்கள். அந்த வகையில் இது நல்ல காரியம். ஆனால் பொதுவாக நம் ஏரிச் சீரமைப்புகளில் ஒரு விபரீதம் வழக்கமாகி வருகிறது. நான்கு புறமும் செங்குத்தான கரை, கரையின்மேல் கல் பதித்த பாதை, உள்ளே எங்கும் ஒரே ஆழம். ஏரி பெரிய தொட்டியாகிவிடுகிறது. கொள்ளளவு கூடுகிறது என்று கணக்கு சொல்லும், உண்மையில் கூடலாம். ஆனால் முழங்கால் நீர் எங்கே? விரற்கடைச் சேறு எங்கே? கூழைக்கடா வரும், நீர்க்காகம் வரும். உள்ளான் வராது, நீலச்சிறகி வராது, ஆள்காட்டிக்கு முட்டையிட இடமிராது. மேற்கேயிருந்து ஓடிவரும் மழைநீர் புதுக்கரைக்கு வெளியே தேங்கித் தெருவில் நிற்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தூர் வாருவோர் கரையை ஒட்டிய ஆழ்பகுதியைத் தாராளமாக ஆழப்படுத்தட்டும். உள்வாயின் சரிவை மட்டும் சரிவாகவே விட்டுவைக்கட்டும். இதற்குக் கூடுதல் செலவு கிடையாது, குறைந்த செலவுதான்.

வரைபடம் ஒழுங்காக இருந்தால் பாதுகாப்பு சாத்தியமா என்று ஐயுறுவோருக்கு நம் வடக்கெல்லையிலேயே சாட்சி இருக்கிறது. நகரின் குடிநீருக்கு ஆதாரமான புழல் ஏரியின் நீர்ப்பிடிப்புக்குட்பட்ட கிராமங்களைச் சர்க்கார் வரையறுத்து, சென்னைப் பெருநகருக்கான 2008இன் இரண்டாம் முழுமைத் திட்டத்திலும் அங்கே கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு வைத்தது. கட்டுப்பாடு மீறப்பட்டதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் அந்த எல்லைக் கோட்டின் இரு புறங்களையும் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். குடிநீருக்காக வரைந்த கோடு, யாரும் கேட்காமலே, குட்டைகளையும் புதர்க்காட்டையும் பனந்தோப்பையும் ஓரளவு காத்துக் கொடுத்தது. அந்தப் புதர்க்காடு இம்மண்ணின் பூர்வகுடி. திருமுல்லைவாயில் கோயிலுக்கு முல்லையும் திருவேற்காட்டுக் கோயிலுக்கு வெள்வேலும் தல விருட்சங்களாக நிற்பதைப் பார்க்கையில், சோலைவனம் என்று நாம் கற்பனை செய்வதைவிட, கொடியும் முள்ளும் பின்னிய புதர்நிலமே இப்பிரதேசத்தின் இயல்பு என்பது ஊகிக்கத்தக்கது. ஆகவே ஏரியோரத்துப் புதரை அழித்துவிட்டு வரிசை வரிசையாக அலங்கார மரம் நடுவதைப் பசுமைப் பணி என்று நான் ஏற்கமாட்டேன்.

செய்ய வேண்டியது என்ன? கேள்வி எளியது; விடையும் நம் கைக்கு எட்டியதே. 2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சி மன்றத்திலும் ஒரு குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றைத் தயாரிக்கச் சொல்கிறது. ஆவடி மாநகராட்சிக்கும், பூந்தமல்லி நகராட்சிக்கும், 2011இல் சென்னையோடு இணைந்த அம்பத்தூருக்கும் இது பொருந்தும். அலமாரியில் வைத்துப் பூட்ட ஒரு புத்தகமாக இல்லாமல், ஏரிதோறும் ஒரு வரைபடமாக அந்தப் பதிவேடு அமைய வேண்டும் என்பது என் கோரிக்கை. இது பெருஞ்செலவு பிடிக்கும் வேலை என்று யாரும் மலைக்க வேண்டாம். ரங்கூன் பல்கலைக்கழகத்தில் சில காலம் பேராசிரியராக இருந்து பின்னர் லண்டனுக்குத் திரும்பிய டட்லி ஸ்டாம்ப் என்னும் பூகோள நிபுணர், 1930களில் பிரிட்டன் முழுவதன் நிலப் பயன்பாட்டையும் வயல் வயலாகப் பதிவு செய்ய முனைந்தபோது, அவருக்குக் கைகொடுத்தவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். ஆறு அங்குலம் ஒரு மைல் என்ற அளவுப் படத்தைக் கையில் ஏந்தி, தங்கள் ஊரைச் சுற்றி நடந்து, இது புல்தரை, இது உழவு, இது காடு என்று அவர்கள் குறித்துக் கொடுத்த தாள்கள் அந்தத் தேசத்தின் திட்டங்களுக்கே ஆதாரமாயின. நம் பிள்ளைகளின் கையில் இன்று அதைவிட நுட்பமான கருவி, தொலைபேசி என்ற பெயரில், சட்டைப்பையிலேயே இருக்கிறது. இருக்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகளை அது நொடியில் சொல்லிவிடும்.

ஒரு கிராம வரைபடத்தின் பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரி நிரம்பி வழிகிற நாளில் நீரின் விளிம்பை நடந்து குறியுங்கள். பொங்கலன்று ஒரு முறை, பங்குனியில் ஒரு முறை, ஆனியில் ஒரு முறை. நான்கு நிறத்தில் நான்கு கோடுகள். நிரம்பிய நாளின் கோட்டுக்கும் ஆனிக் கோட்டுக்கும் இடைப்பட்ட பரப்பே நான் இவ்வளவு நேரம் பேசிய நிலம். வரத்துக் கால்வாய் வந்து சேரும் வாய் எது, கலங்கல் எது, அதற்கப்பால் நீர் போகும் வழி எது, அந்த வழியில் எங்கே சுவர் எழுந்திருக்கிறது என்பதையும் குறியுங்கள். 2015 டிசம்பர் முதல் தேதி இரவில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வீதம் அடையாற்றில் நீர் திறந்ததும், சைதாப்பேட்டை வரை ஜனங்கள் மாடிகளில் ஏறி நின்றதும் மறக்கக்கூடியவையல்ல. போக்குக் கால்வாயின் பாதை பட்சிகளுக்கு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு மனிதருக்கும் முக்கியம். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 1987இலிருந்து நடந்துவருகிற காரியம் அது. 1978இலிருந்து இயங்கிவரும் மெட்ராஸ் இயற்கையாளர் சங்கம் போன்ற அமைப்புகளில் பறவையினம் பிரித்தறியக் கற்றுக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எந்தப் பறவை ஏரியின் எந்தப் பாகத்தில், எவ்வளவு நீரில் நின்றது என்பதை அந்த நான்கு கோடுகளின்மேல் புள்ளியாக வையுங்கள். இத்தகைய படத்தை மூன்றாம் முழுமைத் திட்டத்தைத் தயாரிக்கிற பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின்முன் கொண்டுபோய் வைத்தால், உள்வாய் காலி மனை என்று சொல்வது எந்த அதிகாரிக்கும் எளிதாயிராது.

படத்தில் ஏற வேண்டியவற்றுள் ஒன்று மட்டும் கருவிக்குக் கிட்டாது. அம்பத்தூர் ஏரியின் ஆயக்கட்டில் நடவு நட்டவர்கள், கொரட்டூரில் கலங்கல் வழிந்தபோது பறி வைத்து மீன் பிடித்தவர்கள், அயப்பாக்கத்து உள்வாயில் மாடு மேய்த்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். எழுபது எண்பது வயதைக் கடந்த அவர்களுக்குத்தான் மூடிப்போன கால்வாயின் வழி தெரியும், எந்த மாதத்தில் எந்தப் பறவை எங்கே இறங்கும் என்பதும் தெரியும். இந்தச் சபையிலேயே அப்படிப்பட்ட பெரியவர்கள் சிலர் அமர்ந்திருப்பதைக் காண்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாசலை ஒட்டிய மேஜையில் மாணவர்கள் கிராம வரைபடத்தின் பிரதிகளை விரித்து வைத்திருப்பார்கள். பெரியவர்கள் தயவுசெய்து அங்கே சற்று நேரம் உட்கார்ந்து, பழைய மதகுகளின் பெயரையும், வாய்க்கால் போன வழியையும், உங்கள் இளமைக் காலத்தில் தைப்பூசத்தன்று நீர் எந்த மரம் வரையில் நின்றது என்பதையும் சொல்லிக் குறிக்கச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.